வெப்பமானி சொன்னால் வெந்துவிட்டதா?

வயர்லெஸ் இறைச்சி வெப்பமானி பேனா நீளத்துக்கு இருக்கும் ஓர் எவர்சில்வர் குச்சி. கூர்முனையில் வெப்ப உணரி, தண்டுக்குள் பேட்டரியும் சிப்பும், மறுமுனையில் பீங்கான் பூணுக்குள் ஆன்டெனா. சுடப்போகும் கோழியிலோ ஆட்டுத் தொடையிலோ அதைக் குத்திவைத்தால், உள்ளே எத்தனை டிகிரி சூடு ஏறியிருக்கிறது என்பதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை ப்ளூடூத் வழியே கைபேசிக்கு அனுப்பும். மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ப்ளூடூத் 4.0 தரநிலை 2010இல் வந்த பிறகுதான் இவ்வளவு சிறிய தண்டுக்குள் பேட்டரியையும் அலைபரப்பியையும் சேர்த்து அடக்க முடிந்தது. 2015இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் முன்பணம் திரட்டி வெளிவந்த ‘மீட்டர்’ என்ற கருவி இந்த வகையைப் பிரபலமாக்கியது. இன்று அதே வடிவில் பல நிறுவனங்களின் கருவிகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன.

வெள்ளாற்றங்கரையில், பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வருவது பல குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அந்தப் போக்குவரத்தோடு அல்ஃபாம், மந்தி, ஷவாய் போன்ற சமையல் வகைகளும் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தன. கிரில் சிக்கனும் ஷவர்மாவும் இப்போது பெருநகரத்துப் பண்டங்கள் அல்ல. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் மாலை நேரத்துக் கடைவீதிச் சாப்பாடாகவே ஆகிவிட்டன. சமையல் வந்த வழியில் அதற்கான கருவிகளும் வருகின்றன. அவற்றில் ஒன்றுதான் இந்தக் குச்சி.

கருவியின் பெட்டியில் பெரும்பாலும் ‘துல்லியம் ±0.5 டிகிரி’ என்றோ ‘±1 டிகிரி’ என்றோ அச்சிட்டிருக்கும். மாட்டிறைச்சியை உள்ளே சிவப்பு மாறாமல் பரிமாறும் மேற்கத்தியச் சமையலில் அந்த அரை டிகிரிக்கு மதிப்பு உண்டு. அங்கே 54 டிகிரியில் ஒரு பக்குவம், 60 டிகிரியில் வேறொரு பக்குவம். தமிழ்ச் சமையலில் அரைவேக்காடு என்பது வசைச்சொல். கோழியானாலும் ஆடானாலும் முழுக்க வேக வேண்டும். ஆகவே இங்கே எழும் கேள்வி வேறு. தினமும், ஒவ்வொரு கோழிக்கும், பத்து டிகிரி பிசகாமல் இந்தக் கருவி உண்மையைச் சொல்லுமா? பெட்டியில் அச்சிட்ட துல்லியத்தைவிட அன்றாட நம்பகமே இங்கு முதன்மையானது. அந்த நம்பகம் உணரியின் தரத்தில் தொடங்கி, குத்தும் இடம், அலை போய்ச்சேரும் வழி, அடுப்பின் தன்மை, சரிபார்க்கும் பழக்கம் என ஐந்து இடங்களில் தீர்மானமாகிறது.

எத்தனை டிகிரி வேண்டும்?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) உணவகங்களை ஆய்வு செய்ய வைத்திருக்கும் பட்டியலில் அசைவ உணவுக்கான அளவு தெளிவாக இருக்கிறது. இறைச்சியின் மையப் பகுதி 75 டிகிரி செல்சியஸில் 15 விநாடி, அல்லது 70 டிகிரியில் 2 நிமிடம், அல்லது 65 டிகிரியில் 10 நிமிடம் இருக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை கோழிக்குச் சொல்வது 165 டிகிரி ஃபாரன்ஹீட். அதாவது 74 டிகிரி செல்சியஸ். பிரிட்டனின் உணவுத் தர முகமை 60 டிகிரியில் 45 நிமிடம், 65இல் 10 நிமிடம், 70இல் 2 நிமிடம், 75இல் 30 விநாடி, 80இல் 6 விநாடி என்று அடுக்குகிறது.

இந்த அடுக்கில்தான் விஷயம் இருக்கிறது. சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் ஒரு குறிப்பிட்ட டிகிரியைத் தொட்டதும் ஒட்டுமொத்தமாக மடிந்துவிடுவதில்லை. சூடு ஏற ஏற அவை சாகும் வேகம் பெருக்கல் கணக்கில் கூடுகிறது. 70 டிகிரியில் 2 நிமிடம் ஆகும் வேலை 75இல் அரை நிமிடத்தில் முடிகிறது. அப்படியானால், 75 என்று காட்டும் கருவி உண்மையில் 70 டிகிரியில் இருந்தால், தேவைப்படும் நேரம் நான்கு மடங்காகிவிடும். பத்து டிகிரி பிசகினால் இருபது மடங்கு. ஒரு டிகிரிப் பிசகைச் சமாளிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இலக்கை 75க்குப் பதில் 78 என்று வைத்துக்கொண்டால் போதும். தொடைக் கறிக்கு 80 டிகிரிகூட நல்லதுதான்; அதிலுள்ள சவ்வு கரைந்து கறி மிருதுவாகும். நெஞ்சுக் கறி மட்டும் 80ஐத் தாண்டினால் சக்கையாகும். பத்து டிகிரிப் பிசகைத்தான் எந்தக் கணக்காலும் ஈடுகட்ட முடியாது.

வேகாத இறைச்சி குறித்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் உணவகம் ஒன்றிலிருந்து வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். அங்கே சாப்பிட்ட மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஷவர்மா, கிரில் வகைகளுக்கு அந்த மாவட்டத்தில் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது.

இத்தகைய நிகழ்வுகளில் வெப்பமானி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கோழியோடு வரும் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் ஆகியவற்றைச் சரியான சூடு அழித்துவிடும். ஆனால், நெடுநேரம் வெளியில் கிடந்த கறியில் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பெருகி நச்சை உண்டாக்கிவிட்டால், மறுபடி சுட்டாலும் அந்த நச்சு அழியாது. வெந்த கறியைப் பச்சைக் கறி வெட்டிய பலகையில் வைத்தாலும், கழுவாத கையால் தொட்டாலும் வெப்பமானிக்குத் தெரியாது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் இறைச்சியோடு சேர்ந்து தட்டுக்கு வருகிறது. அதில் சூடே படுவதில்லை. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடைசெய்தது இதனால்தான். வெப்பமானி காப்பது ஒரு வாசலை மட்டும்.

அந்த வாசலை இதுவரை காத்துவந்தவை கண்ணும் கையும். குத்திப் பார்த்தால் வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும், எலும்போரம் சிவப்பு இருக்கக் கூடாது என்பவை அடுப்படியில் வழங்கும் இரண்டு அடையாளங்கள். இரண்டுமே ஏமாற்றும். பிராய்லர் கோழி ஆறு வாரத்துக்குள் எடைக்கு வந்துவிடுகிறது. அதன் எலும்பு முற்றியிருக்காது. சூட்டில் மஜ்ஜையிலிருந்து கசியும் நிறமி எலும்போரத்துச் சதையைச் சிவப்பாக்கும். 80 டிகிரியைத் தாண்டிய பிறகும் அந்தச் சிவப்பு மாறாமல் இருப்பது உண்டு. மறுபக்கம், பாதுகாப்பான சூட்டை எட்டுவதற்கு முன்பே சாறு தெளிந்துவிடுவதும் உண்டு. மிளகாய்த்தூளும் நிறப்பொடியும் பூசிய கோழியில் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

உணரியின் கணக்கு

இறைச்சி வெப்பமானிகளில் மூன்று வகை உணரிகள் உண்டு. வீட்டுக்கான கருவிகளில் பெரும்பாலும் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். விலை குறைவு, சமையலறைச் சூட்டுக்கு நல்ல நுணுக்கம். இரண்டாவது, இருவேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துச் செய்யும் தெர்மோகப்பிள். மிக மெல்லிய முனையில் செய்யலாம் என்பதால் ஓரிரு விநாடிகளில் பதில் சொல்லும்; ஆனால், பரவலாகப் புழங்கும் ‘கே’ வகைக்குத் தரநிலையே 1.5 முதல் 2.5 டிகிரி வரை பிசகை அனுமதிக்கிறது. மூன்றாவது பிளாட்டினம் உணரி. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் என்று ஒழுங்காக ஏறும். அதன் ‘ஏ’ தரத்துக்கு 75 டிகிரியில் அனுமதிக்கப்பட்ட பிசகு 0.3 டிகிரிதான், ஆய்வகங்கள் விரும்புவது இதைத்தான்.

மூன்றில் எதுவானாலும், புதிதாக இருக்கும்போது ஒரு கோழி வெந்ததா என்று சொல்லும் அளவுக்குத் துல்லியமாகவே இருக்கும். சிக்கல் பழகப் பழக வருகிறது. தாங்கும் அளவுக்கு மேல் சூடுபட்ட தெர்மிஸ்டர் தன் குணத்தை நிரந்தரமாக மாற்றிக்கொள்ளும். அதன் பிறகும் எண் வந்துகொண்டேதான் இருக்கும், தவறான எண்ணாக. தண்டுக்கும் பீங்கானுக்கும் இடையிலுள்ள ஒட்டு விரிசல் விட்டால் நீராவி உள்ளே புகும். பல கருவிகளில் குறிப்பிடப்படும் ‘ஐ.பி.67’ என்ற தரம் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குவதைக் குறிக்கிறது. கொதிநீருக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அது உத்தரவாதம் இல்லை.

பேட்டரியும் அப்படித்தான். சாதாரண லித்தியம் பேட்டரி 60 டிகிரிக்கு மேல் பாழாகும். ஆகவே இந்தக் கருவிகளில் சூடு தாங்கும் தனி வகை மின்கலமோ, மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் சூப்பர் கெபாசிட்டரோ வைக்கிறார்கள். பல கருவிகளில் கறிக்குள் இருக்கும் பகுதி 100 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. சுற்றிலும் ஈரக் கறி இருக்கும்வரை அது தாண்டாது. தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் கறி 100க்கு மேல் ஏறாது. தண்டின் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காப்பு போய்விடும். அதனால்தான் தண்டில் ஒரு கோடு போட்டு, அந்த அளவுக்குக் கறிக்குள் இறக்க வேண்டும் என்கிறார்கள்.

பல கருவிகளில் வால் பக்கத்தில் இரண்டாவது உணரி ஒன்றும் உண்டு. அது அடுப்புக்குள் இருக்கும் காற்றின் சூட்டைக் காட்டுவதாகச் சொல்லப்படுகிறது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஈரக் கறியை ஒட்டியே அது இருக்கிறது. கறியிலிருந்து எழும் ஆவி அந்த இடத்தைக் குளிரவைக்கிறது. அடுப்பின் உண்மையான சூட்டைவிடப் பல டிகிரி குறைவாகவே அது காட்டும். கைபேசிச் செயலி சொல்லும் ‘இன்னும் இருபது நிமிடம்’ என்ற கணிப்பு, அடுப்பின் சூடு மாறாமல் இருக்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. கரியைக் கிளறுவதும் விசிறுவதும் மூடியைத் திறப்பதுமாக இருக்கும் அடுப்பில் அந்த அனுமானம் பத்து நிமிடம்கூட நிற்காது. கணிப்பை உதவிக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். முடிவுக்கு உள்வெப்பநிலை ஒன்றே ஆதாரம்.

முனை எங்கே நிற்கிறது?

பிசகுகளில் பெரியது கருவியில் பிறப்பதில்லை. குத்தும் கையில் பிறக்கிறது. தணலில் வேகும் கோழியின் தோல்பக்கம் நூறு டிகிரியைத் தாண்டியிருக்கும்போது நெஞ்சின் நடு 50 டிகிரியில் இருக்கலாம். அந்த இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான். முனை ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்றாலே காட்டும் எண் பத்து டிகிரி ஏறிவிடக்கூடும். அரை டிகிரித் துல்லியமுள்ள கருவியும் தவறான இடத்தின் சூட்டைத்தான் துல்லியமாகச் சொல்லும்.

முழுக் கோழியில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று நெஞ்சின் தடித்த நடுப்பகுதி. மற்றொன்று, தொடை உடலோடு சேரும் உட்புற மடிப்பு. கடைசியாக வேகும் இடங்களில் அது ஒன்று. முனை எலும்பைத் தொடக் கூடாது. எலும்பு சூட்டைக் கடத்தும் விதம் சதையைப் போல இராது. வயிற்றுக் குழிக்குள் முனை நீட்டிக்கொண்டிருந்தால் அது காட்டுவது உள்ளிருக்கும் சூடான காற்றை. சரியான இடத்தில் இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. குச்சியை மெல்ல வெளியே இழுத்தபடி எண்ணைக் கவனிக்க வேண்டும். எண் இறங்கிப் பிறகு ஏறினால், அந்த மிகக் குறைந்த எண் வந்த இடம்தான் மையம்.

இங்கே வயர்லெஸ் குச்சிக்கு ஓர் இயல்பான குறை இருக்கிறது. உள்ளே பேட்டரி இருப்பதால் அதன் தண்டு ஐந்தாறு மில்லிமீட்டர் பருமனாக இருக்கும். ஒருமுறை குத்தினால் பெரிய துளை விழும். நான்கு இடத்தில் குத்திப் பார்க்க முடியாது. கோடுவரை உள்ளே இறக்க வேண்டும் என்பதால் ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். சீக் கபாப், டிக்கா, இரண்டாகப் பிளந்து தட்டையாக்கிய அல்ஃபாம் கோழியின் மெல்லிய பகுதிகள் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. அவற்றுக்குக் கூரான மெல்லிய முனையுள்ள, கையில் பிடித்துக் குத்தும் டிஜிட்டல் வெப்பமானியே ஏற்றது. விலையும் சில நூறு ரூபாயில் தொடங்கிவிடுகிறது.

கொரோனா காலத்தில் கடைகளுக்கு வந்த துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி இந்த வேலைக்கு உதவாது. நெற்றிக்கென்று செய்தவை உடல் வெப்பத்தையொட்டிய சிறு எல்லைக்குள் மட்டுமே அளக்கும். தொழிற்சாலைக்கென்று செய்தவை அதிகச் சூட்டை அளக்கும்; ஆனால், அவையும் மேற்பரப்போடு நின்றுவிடும். தோல் கருகிய கோழியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.

அலை அறுபடும் இடம்

ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சும், உலோகம் மறிக்கும். இறைச்சியில் முக்கால் பங்கு தண்ணீர். அடுப்பு முழுக்க உலோகம். பெட்டியில் எழுதியிருக்கும் ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் எல்லாம் தடையில்லாத வெட்டவெளிக் கணக்கு. இரும்பு மூடி போட்ட அடுப்பிலிருந்து, சுவரைத் தாண்டி, கல்லாவில் இருக்கும் கைபேசிக்கு வரும்போது அது சில மீட்டராகச் சுருங்குவது இயல்பு. சார்ஜ் செய்யும் பெட்டியே அலையை வாங்கி மறுபடி அனுப்பும் கருவிகளில் அந்தப் பெட்டியை அடுப்புக்கு அருகில், சூடு படாத இடத்தில் வைத்தால் பயன் உண்டு.

கண்ணாடிக் கதவுள்ள சுழல் கிரில் இயந்திரத்தில் இது கண்கூடாகத் தெரியும். கம்பியில் கோர்த்த கோழி முன்பக்கம் வரும்போது பீங்கான் முனை கண்ணாடியைப் பார்க்கும், எண் வரும். பின்பக்கம் போகும்போது எவர்சில்வர் தகடும் கோழியின் உடலும் மறிக்கும், எண் நிற்கும். விட்டுவிட்டு வந்தாலும் உள்வெப்பநிலை மெதுவாகவே மாறுவதால் இது பெரிய கேடில்லை. கேடு வேறிடத்தில் இருக்கிறது. தொடர்பு முற்றிலும் அறுந்த பிறகும், கடைசியாக வந்த எண்ணையே திரையில் வைத்திருக்கும் செயலிகள் உண்டு. பார்ப்பவர் அதைத் தற்போதைய சூடு என்று எண்ணிக்கொள்வார். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு, பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடுவதும் உண்டு. அப்போது 75 டிகிரி வந்தாலும் மணி அடிக்காது. வாங்கியதும் செயலிக்கு அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் தனி எச்சரிக்கை வருகிறதா என்பதையும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் கருவிகளில் சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. சுவரையும் மூடியையும் ஊடுருவ வேண்டும் என்பதற்காகச் சில கருவிகள் குறைந்த அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவில் இதற்கு 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமமின்றிக் கிடைக்கிறது. இந்தியாவில் அந்தப் பரப்பின் ஒரு பகுதி கைபேசிச் சேவைகளுக்கு ஒதுக்கப்பட்டது; இங்கே உரிமம் வேண்டாத பரப்பு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. 2.4 கிகாஹெர்ட்ஸ் இரு நாடுகளுக்கும் பொது. அமெரிக்காவில் இருக்கும் உறவினரிடம் கருவி கேட்பவர்கள் அது ப்ளூடூத் வகைதானா என்று பார்த்துக் கேட்பது நல்லது. அமெரிக்கக் கருவி முதலில் ஃபாரன்ஹீட்டில் எண் காட்டும் என்பதால் செல்சியஸுக்கு மாற்றிக்கொள்ளவும் வேண்டும்.

எந்த அடுப்புக்கு எது?

கம்பி இணைத்த வெப்பமானியைப் பயன்படுத்த முடியாத இடத்தில்தான் வயர்லெஸ் கருவிக்கு உண்மையான வேலை. சுழலும் கிரில் கம்பியில் ஒயர் சுற்றிக்கொள்ளும். அங்கே இது ஏற்றது. பெரிய கோழிகளில், நடுக்கம்பியில் இருக்கும் ஒன்றில் குத்திவைத்தால் அந்த வரிசை முழுவதற்கும் ஒரு வழிகாட்டி கிடைக்கும். மற்றவற்றை இறக்கும்போது கைவெப்பமானியால் சரிபார்க்கலாம். எரியும் பர்னருக்கு மிக அருகில் பீங்கான் முனை போகாதபடி திசை பார்த்துக் குத்த வேண்டும்.

தந்தூரி அடுப்புக்கு இது ஆகாது. தந்தூரின் சுவர் 400 டிகிரியைத் தாண்டும். இத்தகைய கருவிகளில் பலவற்றின் வெளிப்பகுதி தாங்குவது 275 டிகிரி அளவுக்குத்தான். கொழுப்பு சொட்டிக் கரியில் தீ எழும் அல்ஃபாம் அடுப்பிலும் அதே ஆபத்து. தணல் ஒரு பக்கமும் கோழி மறுபக்கமும் இருக்கும்படி, மூடி போட்டு மெதுவாகச் சுடும் முறைக்கு இது பொருந்தும். மண்ணுக்குள் இறக்கி மூடும் மந்திக் குழியில் இரும்பு மூடியும் மண்ணும் அலையை மறித்துவிடும். மூடி திறந்ததும் கைவெப்பமானியால் பார்ப்பதே வழி. பக்ரீத் நாளில் வீட்டில் சுடும் முழு ஆட்டுத் தொடைக்கு, மூடி போட்ட கரி அடுப்பானாலும் மின் அவனானாலும், வயர்லெஸ் கருவி மிக நன்றாக உதவும். பெரிய துண்டை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் உள்சூடு சில டிகிரி ஏறும் என்பதையும் அதில் காணலாம்.

ஷவர்மாவில் கேள்வியே வேறு. நின்று சுழலும் கறிக் கூம்பின் வெளி அடுக்கு மட்டும் வெந்துகொண்டிருக்கும். உள்ளே பச்சையாகவே இருக்கும். நடுவில் குத்திய குச்சி காட்டும் எண்ணுக்கும் வாடிக்கையாளர் சாப்பிடப்போகும் சீவலுக்கும் தொடர்பில்லை. கூட்டம் அதிகமாகும்போது கத்தி வேகாத அடுக்குவரை போய்விடுகிறது. சீவிய கறியைத் தட்டில் குவித்து, மெல்லிய முனையுள்ள வெப்பமானியை அந்தக் குவியலுக்குள் செருகிப் பார்க்க வேண்டும். 75 வரவில்லையென்றால் தோசைக்கல்லில் போட்டுப் புரட்டிய பிறகே ரொட்டிக்குள் வைக்க வேண்டும்.

ஐஸ் தண்ணீர்ச் சோதனை

எந்தக் கருவியானாலும் சரிபார்க்க வேண்டிய பொருள்கள் ஊரிலேயே கிடைக்கின்றன. உயரமான டம்ளரில் நொறுக்கிய ஐஸை விளிம்புவரை நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்கு மட்டும் குடிதண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புச் சேர்ந்த ஐஸ் கூடாது. மீன் பெட்டியில் கிடந்த ஐஸில் உப்பு கலந்திருக்கும், அது சுழியத்துக்குக் கீழே இறங்கிவிடும். நன்றாகக் கலக்கி இரண்டு நிமிடம் விட்டு, முனை டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நடுவில் பிடிக்க வேண்டும். எண் 0 டிகிரிக்கு ஒரு டிகிரி இப்படியோ அப்படியோ இருந்தால் கருவி தேறியது. வயர்லெஸ் குச்சியை முழுவதும் அமிழ்த்தினால் தண்ணீர் அலையை விழுங்கிவிடும். பீங்கான் முனை நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும்.

இரண்டாவது சோதனை கொதிக்கும் தண்ணீர். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது கடல்மட்டத்தில்தான். முந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். வெள்ளாற்றுச் சமவெளியில் இந்த வேறுபாடு அரை டிகிரிக்குள் அடங்கிவிடும். ஊட்டியில் 93 டிகிரியை ஒட்டியே தண்ணீர் கொதித்துவிடும். லப்பைக்குடிக்காட்டில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் 97 காட்டும் கருவி, மூன்று டிகிரி குறைத்துச் சொல்லும் கருவி. அதனால் கறி கூடுதலாக வேகும், ஆபத்தில்லை. 103 காட்டுவதுதான் கவலைக்குரியது; கறி வேகும் முன்பே வெந்தது என்று அது சொல்லிவிடும். பல கைவெப்பமானிகளில் இந்தப் பிசகைத் திருத்தும் வசதி உண்டு. அந்த வசதி இல்லாத வயர்லெஸ் கருவியின் மேல், எத்தனை டிகிரி கழிக்க வேண்டும் என்று எழுதி ஒட்டிவைப்பது போதும். பிசகு மாதாமாதம் மாறிக்கொண்டே போனால் கருவியைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

மாதம் ஒருமுறையும், கருவி கீழே விழுந்தாலும் தீயில் பட்டாலும் உடனேயும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் முன் முனையைக் கழுவி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். மசாலா கருகிப் படிந்த தண்டில் சூடு ஏறத் தாமதமாகும். சார்ஜ் பெட்டியின் தொடுமுனைகளில் எண்ணெய் படிந்தால் சார்ஜ் ஏறாது. கடையில் கருவி செத்துப்போகும் காரணங்களில் பேட்டரிக் கோளாறைப் போலவே இந்தப் பிசுக்குக்கும் இடம் உண்டு.

செய்ய வேண்டியவை

கிரில், ஷவர்மா விற்கும் கடைகளில் வெப்பமானி இருப்பதைப் பதிவு அல்லது உரிமம் புதுப்பிக்கும்போது உணவுப் பாதுகாப்புத் துறை உறுதிசெய்ய வேண்டும். வயர்லெஸ் கருவிதான் வேண்டும் என்று கேட்கத் தேவையில்லை. மெல்லிய முனையுள்ள ஒரு கைவெப்பமானி கட்டாயம். வயர்லெஸ் வசதி கடைக்காரரின் விருப்பம். ஒரு மாலைக்கு முதல் கோழி, கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஒன்று, கடைசிக் கோழி என மூன்று அளவுகளை நேரத்தோடு நோட்டில் எழுதினால், ஆய்வுக்கு வரும் அலுவலருக்கு அந்தக் கடையின் பழக்கம் முழுதும் தெரிந்துவிடும். விபத்து நடந்த பிறகு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதைவிட இது மலிவு.

உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலகம் ஒவ்வொன்றிலும், ஆய்வகங்களுக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவுதிருத்தம் செய்த ஒரு வெப்பமானி இருந்தால், ஆய்வின்போது அதைக் கடையின் கருவிக்கு அருகில் ஒரே பாத்திரத்து வெந்நீரில் வைத்து ஒப்பிட்டுவிடலாம். ஒவ்வொரு சிறு கடையும் தன் கருவியை ஆய்வகத்துக்கு அனுப்புவது நடைமுறையில் ஆகாத காரியம். அனுப்பும் செலவு கருவியின் விலையை மிஞ்சும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நடத்தும் ‘ஃபாஸ்டாக்’ உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் ஐஸ் தண்ணீர்ச் சோதனையையும் கோழியில் குத்தும் இடத்தையும் செய்முறையாகக் காட்ட அரை மணி நேரம் போதும். அந்தப் பயிற்சி கல்லாவில் இருப்பவரோடு நிற்காமல் அடுப்பில் நிற்கும் கிரில் மாஸ்டருக்கும் கிடைக்க வேண்டும்.

இணையத்தில் இந்தக் கருவிகளை விற்பவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. ±0.5 டிகிரி என்று எழுதுவதோடு, அது எந்த வெப்ப எல்லைக்குள், தண்டை எத்தனை சென்டிமீட்டர் இறக்கினால், எத்தனை விநாடி கழித்து என்பதையும் குறிப்பிட வேண்டும். வெளிப்பகுதி தாங்கும் உச்சச் சூடு, தொடர்பு அறுந்தால் செயலி என்ன காட்டும், இணையமில்லாமல் செயலி இயங்குமா என்பவற்றையும் பெட்டியில் தமிழிலோ ஆங்கிலத்திலோ அச்சிட வேண்டும். வீட்டுக்காக வாங்குபவர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் உள்ள கருவியைத் தேர்ந்தெடுத்து, வந்த அன்றே ஐஸ் தண்ணீரில் சோதித்து, பிசகு அதிகமிருந்தால் திருப்பித்தரும் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுவது நல்லது.